இரண்டாம் அறையின் பங்கு

நாள் 212 | 06:10
2091 மார்ச் 4. எனக்கு எழுபத்தொரு வயது, நான்கு மாதம், பதினொரு நாள்.

நிலவின் தென்துருவ ஆய்வகத்தில் நான் மட்டும். சக ஆய்வாளர் இன்னாசிமுத்து இறந்து ஐந்து வாரம். மீட்புக் கலம் வர இருபது நாள்.

தலைப்பட்டை என் கவனத்தை அளக்கிறது. கவனம் செல்லும் பொருளுக்கே மின்சாரம் செல்லும். வடிவமைத்தவள் நான். பாசித் தொட்டிக்கு அறுபது விழுக்காடு வேண்டும். அந்தப் பாசிதான் எனக்குக் காற்று. இன்று 64. நலம்.

கவனிக்கப்படாத துன்பம் துன்பமே அன்று என முப்பதாண்டுகள் கற்பித்தேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் வரும் என்பதால்.

நாள் 216 | 11:40
தொட்டி 47. இரண்டாம் அறை 31.

அது இன்னாசிமுத்துவின் அறை. பூட்டியிருக்கிறது. உடலும் அங்கில்லை; பனிக்கடியில் புதைத்துவிட்டேன். அறையின் கம்பியைத் துண்டித்துப் பார்த்தேன். அந்தப் பங்கு தொட்டிக்கு வரவில்லை, வீணாகிறது.

பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, என்னைக் கண்காணிக்கும் பணியில் இசக்கியம்மாள்:
"மேடம், பாசி மேல கோவமா? இப்பிடி வாட விட்டுட்டீய? நெசமாச் சொல்லுங்க, ரெண்டாம் ரூம்ல யாரத் தேடுதீய?"
என் பதில்: "யாரையும் இல்லை. உன் வேலையைப் பார்."
"பாத்துட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் மேடம் என் வேல."

நாள் 221 | 15:05
தொட்டி 28. காற்று ஆறு நாளுக்கு. கலம் வரப் பதினொரு நாள்.

தொட்டி முன் ஆறு மணி நேரம் அமர்ந்தேன். கண்கள் பாசியில்தான் இருந்தன. பட்டை ஒப்புக்கொள்ளவில்லை. ஊறுகாய்ப் பொட்டலத்தில் பாதியைத் தின்று, பாதியை மடித்து வைத்தேன். யாருக்கு என்று என்னையே கேட்டு எரிச்சலுற்றேன்.

இசக்கியம்மாள்:
"உள்ளயே போட்டு அமுக்குனா அது போவாது மேடம். சொல்லிருங்க. நான் தப்பா நெனச்சாலும் அங்க வந்து அடிக்கவா போறேன்?"
திரையை அணைத்தேன். தலைவலி.

நாள் 224 | நேரம் பார்க்கவில்லை
இதை எழுதத் தொடங்கியதும் இரண்டாம் அறை 90ஐக் கடந்தது. தொட்டி விளக்கு அணைந்துவிட்டது. முதன்முறையாக நான் தடுக்க முயலவில்லை.

இசக்கி, இது உனக்கு. இதைக் கண்டெடுப்பவருக்கும்.

இன்னாசிமுத்து உறக்கத்தில் இறந்தார் என்று அறிக்கை தந்தேன். பொய். அவர் அறையில் காற்று கசிந்தது, கதவு தானே பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நான் பத்தடி தொலைவில், தொட்டியின் முன். அன்று என் கவனம் 93. அதுவரை நாங்கள் எட்டாத அளவு.

அவர் உள்ளிருந்து கதவைத் தட்டியது தெளிவாகக் கேட்டது. அவருக்கு உப்பு தீர்ந்திருக்கும், பிறகு பார்க்கலாம் என்று

கேளாததாக்கிக்கொண்டேன். அதில் நான் தேர்ந்தவள்.

கவன வேளையில் மூன்று முறைக்கு மேல் தட்டக்கூடாது. அது நான் எழுதிய விதி. மூச்சு முட்டும்போதும் அவர் மூன்று முறைதான் தட்டினார்.