இரண்டு பக்கமும் திறக்கும் இதழ்

இன்று காலை தியாகதுருகம் போகும் பேருந்தில் பேனாவைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். நறுக்கென்று குத்தியது. விரலை வெளியே எடுத்தால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

“இன்னா சார், பையில பூனை கீனை வளக்கிறீங்களா?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

நான் விரலை வாயில் வைத்துக்கொண்டேன். குத்தியது நம்முடைய கடைசி இதழின் அட்டையில் இருந்த ஊக்கு. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் என்னைக் குத்துவதை நிறுத்தவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், நான் உங்கள் கடைக்கு முதலில் வந்தது சான்றிதழ் நகல் எடுக்கத்தான். கள்ளக்குறிச்சி கடைவீதியில் உங்கள் அத்தா வைத்த ஸ்டேஷனரி கடை. கல்லாவில் நீங்கள், உள்ளே சரக்கு இறக்கும் உங்கள் தம்பி. ஒவ்வொரு முறை அரசுக் கல்லூரிப் பணிக்கு விளம்பரம் வரும்போதும் அதே கட்டோடு வருவேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டீர்கள்: “எத்தினி வாட்டி இதையே எடுப்பீங்க வாத்தியாரே? மெஷினுக்கே மனப்பாடம் ஆயிருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. என் குறிப்புகளைப் படித்துத் தேர்வான ஒருவன் அதற்குள் துறைத்தலைவர் ஆகியிருந்தான். நான் தனியார் கல்லூரியில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில், அதே பேருந்தில், அதே கோட்டை மலையை ஜன்னலில் பார்த்துக்கொண்டு போய் வந்தேன். இன்றும் அப்படித்தான்.

அன்று உங்கள் முக்காட்டுக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன் இருந்தது. அதைக் கழற்றி என்னிடம் நீட்டினீர்கள். “ஒருத்தி கத்திக்கினு கீறா. இங்கிலீஷு. இன்னா கத்துறான்னு எழுதிக் குடுங்க.”

கேட்டேன். பங்க் ராக் என்று ஒரு கத்தல் பாட்டு, இதெல்லாம் சங்கீதமே இல்லை, அந்தப் பெண்ணுக்குப் பாடவே தெரியவில்லை என்றேன்.

“எனக்கும்தான் தெரியாது. அவ மேடையில நிக்கிறா பாருங்க” என்றீர்கள்.

எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொருத்தி, அதற்கடுத்த வாரம் வேறொருத்தி. இந்தப் பெண்களை எந்தப் பத்திரிகையும் மதிக்காத காலத்தில் அவர்களே படங்களை வெட்டி, ஒட்டி, கையால் எழுதி, நகலெடுத்து இதழ் போட்டார்கள் என்று படித்ததை வாய்தவறிச் சொன்னேன். “அவ்ளோதானா? கத்திரி கீது, பசை கீது, மெஷின் நம்மளுது” என்று அப்போதே ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டாக வெட்டினீர்கள். இதழுக்குத் ‘தொண்டை’ என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். அந்தப் பெண்கள் சட்டையில் ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, “எங்க பர்தாவுல இல்லாத ஊக்கா?” என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒன்றைக் குத்தினீர்கள்.

முதல் இதழில் நடந்த கூத்தை மறக்க முடியாது. உங்கள் பக்கங்களை நீங்களும் என் பக்கங்களை நானும் தனித்தனியாக ஒட்டினோம். எல்லாப் பிரதியும் ஓடி முடிந்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்தபிறகு புரட்டினால் பாதி இதழ் பின்னாலிருந்து முன்னால் போகிறது. சிறுவயதில் நீங்கள் முதலில் புரட்டியது ஓதும் அரபுக் கிதாபு. அந்தப் பழக்கத்தில், வலப்பக்கம் திறக்கும்படி வரிசை வைத்திருந்தீர்கள். நான் கத்தினேன். நீங்கள் அசையவில்லை.

“எங்க வூட்ல கிதாபு இப்பிடித்தான் தொறக்கும். உங்களுது அப்பிடித் தொறக்கும். ரெண்டு பேரும் நடுவுல வந்து முட்டிக்கலாம், போங்க.”

அதன்பிறகு எல்லா இதழும் அப்படியே. இரண்டு அட்டை, இரண்டு தொடக்கம். வலமிருந்து நீங்கள், இடமிருந்து நான். நடுவில் ஸ்டேப்ளர் கம்பி இருக்கும் விரிப்பில் இருவரும் சந்திப்போம். அந்த நடுப்பக்கத்தை மட்டும் சேர்ந்து ஒட்டுவோம்.

உங்கள் தம்பி கல்வராயன் மலைப் பள்ளிகளுக்கு நோட்டு ஏற்றிக்கொண்டு போன வேனில் ஒருமுறை நாமும் போனோம். வெள்ளிமலையில் ஒரு பள்ளி விடுதிப் பெண் இதழைப் புரட்டிவிட்டு, “இவங்கல்லாம் ஏங்க்கா கோவமா இருக்காங்க?” என்று கேட்டாள்.

“இந்த வாத்தியாரைக் கேளு. அவரு ஊரு ஒலகத்து மேல எல்லாம் கோவமா கீறாரு” என்றீர்கள். விடுதியே சிரித்தது. நான் வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி இதழுக்கு, “இந்த வாட்டி உங்க கோவத்தை எழுதுங்க, அந்தப் பொம்பளைங்க கத்துன மாரி” என்று கேட்டது நீங்கள்தான். எழுதினேன். எங்கள் களமருதூர் நிலத்தை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதை, என் குறிப்பில் படித்தவன் என்னையே நேர்காணலில் கேள்வி கேட்டதை, எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

“இது மனு வாத்தியாரே. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல குடுங்க.”

அதோடு நான் கடைப்பக்கம் வரவில்லை. அது தப்பென்று இப்போதும் எழுதமாட்டேன். வலித்தது, இன்னும் வலிக்கிறது. உங்களோடு பேசக்கூடாது என்று ஆத்திரத்தோடு நான் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நெஞ்சு வலி என்று சொல்லிப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஒரு சண்டையை முடிக்கக்கூட விடாமல் போவது என்ன நியாயம்?

உங்கள் தம்பி போன் செய்தார். போனேன். கல்லாவில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய தாள்களை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்து வந்தார்.

“அக்கா அவங்க பக்கம் முடிச்சிட்டாங்க சார். உங்க பாதிதான் காலி. நாப்பதாம் நாள் பாத்தியா ஓத வர்றவங்களுக்குக் குடுக்கணும். நீங்க எழுதலன்னா பரவால்ல சார், அதை வெட்டிட்டு அக்காவுதை மட்டும் அடிச்சிக்கிறேன்.”

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் பாதியை வெட்டினால் நடுப்பக்கமும் போகும். அப்புறம் அது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் புத்தகம். நாம் முட்டிக்கொண்ட இடமே இருக்காது.

அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. எழுத நினைத்த ஒவ்வொன்றும் மனுவைப்போல ‘ஐயா’ என்றே தொடங்கியது. கடைசியில் பையிலிருந்த சான்றிதழ் நகல் கட்டை எடுத்தேன். அடுத்த விளம்பரத்துக்காக வைத்திருந்தது. உங்கள் கத்திரியால் வெட்டினேன். பட்டச் சான்றிதழிலிருந்து ஓர் எழுத்து, சாதிச் சான்றிதழிலிருந்து ஒன்று, அனுபவச் சான்றிலிருந்து ஒன்று.

“ஐயோ சார், அது உங்க சர்டிபிகேட்டாச்சே!” என்றார் தம்பி.

“உங்க மெஷினுக்கு மனப்பாடம்” என்றேன்.

என் பக்கங்களில் வெட்டி ஓட்டையான நகல்களை அப்படியே ஒட்டினேன். நடுப்பக்கத்தில், கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அந்த எழுத்துகளைக் கோணல்மாணலாக வைத்தேன்.

இன்னா அவசரம் ஒனக்கு

தம்பி வெகுநேரம் பார்த்தார். “இது யாரைக் கேக்குறீங்க சார்?”

“உங்க அக்காவைத்தான்.”

அவர் மெஷினைப் போட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஊக்குப் பொட்டலத்தைத் தேடி எடுத்து வந்தார்.

பாத்தியாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கமிருந்து திறந்தார்கள், பாதிப்பேர் அந்தப் பக்கமிருந்து. எல்லோரும் நடுவில் வந்து நின்றார்கள்.

மறுபடி விளம்பரம் வந்திருக்கிறது. மறுபடி நகல் எடுக்க உங்கள் கடைக்குத்தான் போகவேண்டும். தியாகதுருகம் கோட்டை மலை ஜன்னலில் வந்து போயிற்று. இதழை அதே பையில், பேனாவுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தேன். ஊக்கு திறந்துதான் கிடந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை.