கோஹெய், அன்னிக்கு நீ சிரிக்கலை

அன்பு மகன் கோஹெய்க்கு,

நிகாட்டாவில இடுப்பளவு பனி, கூரையில இருந்து தள்ளித் தள்ளி என் முதுகு போச்சு, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன், பிரேசில் வெயில்ல நீ எப்படி இருக்கே, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா. உன்னைப் பார்த்து ஆறு வருஷமாச்சு, ரெண்டு கிண்ணம் எடுத்து வச்சுட்டு ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கிறதே என் பொழப்பாப் போச்சு.

போன வாரம் ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணை என்கிட்ட எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிட்டு வந்தாங்க. காரணமே இல்லாம சிரிக்கிறாளாம், வாத்தியார் தினம் திட்டுறாராம், முன்னால எடுத்த படத்துல ஒண்ணும் தெரியலையாம். மூளைக்கு அடியில, நடுவுல மெல்லிசு மெல்லிசா அடுக்கடுக்காப் படம் எடுங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அசையாம படும்மான்னேன், சிரிச்சு அசைஞ்சுட்டா. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே, அதட்டினேன். நான் சிரிக்கல மாமா, அதுதான் சிரிக்குதுன்னா. மறுபடி எடுத்ததுல ஹைப்போதலாமஸ்ங்கிற இடத்துல பட்டாணியாட்டம் ஒரு கட்டி. பிறவியிலேயே வந்தது, புத்துநோய் இல்லை, ஆனா வலிப்பைக் கிளப்பும், அந்த வலிப்பு சிரிப்பா வெளிய வரும்னு டாக்டர் சொன்னார்.

டேய், நீயும் இதைத்தானேடா சொன்னே. உங்கம்மா ஃபுமியேயை எரிச்ச அன்னிக்கு உனக்கு ஒன்பது வயசு, நாம ரெண்டு பேரும் குச்சியால அவ எலும்பைச் சேர்ந்து தூக்கிக் கலசத்துல வைக்கும்போது நீ சிரிச்சே, எலும்பு கீழே விழுந்துது, அத்தனை பேர் முன்னால அறைஞ்சேன். நான் சிரிக்கலப்பா, தானா வருதுன்னே. வாயை மூடுன்னேன். உன் கண்ணுல சிரிப்பே இல்லை, அதைப் பார்த்துட்டுத்தான் அடிச்சேன். ரெண்டு பேரா எடுக்க வேண்டிய எலும்பை நான் ஒருத்தனாவே எடுத்து வச்சேன். போன புத்தாண்டுக்கு நீ போன்ல பேசிட்டே சிரிச்சப்பகூட, இன்னும் திமிர் அடங்கலைன்னு போனை வச்சுட்டேன். முப்பது வருஷமா ஊரார் மண்டைக்குள்ள எல்லாம் பார்த்த பாவி, பெத்த பிள்ளை முகத்தைப் பார்த்தும் புரிஞ்சுக்கலையேடா.

உனக்கும் அதுதானான்னு படம் எடுக்காமச் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்பு இதோட இருக்கு, அங்க ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டு, அதுவரைக்கும் கார் ஓட்டாதே, தனியா கடல்ல இறங்காதே. இல்லேன்னா இங்க வாடா. மார்ச் வரைக்கும்தான் எனக்கு வேலை, அதுக்குள்ள வந்தா நானே எடுக்கிறேன். அசையாதேன்னு அதட்ட மாட்டேன், சிரிப்பு வந்தா வரட்டும், எத்தனை தடவைனாலும் மறுபடி எடுக்கிறேன்.

நூறு வயசு நல்லா இருடா. குறிப்பைத் தொலைச்சுடாதே.

உன்னை அடிச்ச அப்பா,
மசநோரி