அம்மா மூளெ, அப்பா மூளை

தேன்கனிக்கோட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புக் கண்ணு காவியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதிவிட்டு, அதில் 'நாங்கள்' என்பதை அடித்து 'நான்' என்று போட்டிருக்கிறேன், அடித்தலைப் பார்த்துப் பயப்படாதே, இருபத்து நாலு வருஷப் பழக்கம், பேனா அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. நீ அந்த ஜெர்மனி லைப்சிக் குளிருக்குத் தகுந்த மாதிரி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் சௌக்கியத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் எங்கள் கம்பெனி கேட்டில் கேள், போன செவ்வாய்க்கிழமை அங்கே என் மானம் கப்பலேறிய கதை இன்னும் கேன்டீனில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஷிப்டுக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, சட்டைப் பையில் இருந்ததை எடுத்து செக்யூரிட்டி பிரகாஷ் முன்னால் மிடுக்காக நீட்டினேன், ஐடி கார்டு என்று நினைத்துத்தான் நீட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏண்ணா, போட்டோவுல மூஞ்சி ஒரு பக்கமா வீங்கிக் கெடக்குது, பேரு வேற லிவர்னு போட்டிருக்குது, எந்த செக்‌ஷன் நீங்க என்றான். பார்த்தால் நீ வரைந்த கல்லீரல். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு லிவர் அண்ணன் என்று பேர். குடிப்பழக்கம் இல்லாத மனுஷனுக்குக் கிடைத்த பட்டத்தைப் பார்.

கல்லீரல் என் பைக்குள் ஏன் வந்தது என்று கேட்பாய். நீ கடைக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போன கார்டுகளைத்தான் தினமும் பத்துப் பத்தாக எடுத்துப்போய் பஸ்ஸில் பார்த்துக்கொண்டு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது காதை விட்டுப் போகவில்லை. இனிமே படிக்கல அப்பா, யூனிபாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன், பெத்த அம்மா தலை வலிக்குது, ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு சொல்லும்போதே என்னன்னு தெரியாத எனக்கு எதுக்கு நர்ஸ் வேலை, முன்னூறு கார்டை மனப்பாடம் பண்ணி என்ன புண்ணியம் என்றாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், லைன் போய்விட்டது. அப்புறம் நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாவது பெயிலான ஆள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கண்ணு, அந்தக் கார்டு பிறந்த கதை உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கம்பெனியில் தயாராகி வரும் சாமானுக்குப் பச்சை டேக் கட்டினால் ஓகே, மஞ்சள் கட்டினால் ஹோல்ட், சிவப்பு கட்டினால் ரிஜெக்ட். பதினாறு வருஷமாக நான் பார்க்கிற பெரிய உத்தியோகம் அந்த டேக்கைக் கட்டுவதும் இப்போது ஒட்டுவதும்தான். எல்லாம் ஸ்டிக்கராக மாறியதும் மிஞ்சிய கட்டுகளை சூப்பர்வைசரைக் கேட்டு வாங்கி வந்தேன். உன் அம்மா மைதாப் பசை காய்ச்சி இரண்டிரண்டாக ஒட்டினாள், ஒரு பக்கம் நீ படம் வரைந்தாய், மறுபக்கம் பேர் எழுதினாய். மூன்று ஸ்வீட் டப்பாவுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று டேக் கட்டி, தெரிந்தது பச்சையில், சந்தேகம் மஞ்சளில், தப்பாகச் சொன்னது சிவப்பில், சிவப்பில் இருப்பதைத் தினமும் கேட்க வேண்டும் என்று எங்களுக்கே பாடம் எடுத்தாய். இதைத்தானே நான் இத்தனை வருஷமா செய்யறேன், எனக்கு யாரும் டிகிரி குடுக்கலையே என்றேன். உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனாலும் அவள் கேட்டால்தான் உனக்கு ஓடும். படத்தைத் தூக்கிக் காட்டி இதேனு என்று கேட்பாள், நீ சொல்வாய், கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சரி, தப்பு என்று டப்பாவில் போடுவாள். எப்படிம்மா கண்டுபிடிக்கற என்று நீ கேட்டதற்கு, மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா என்றாள். ஒருநாளும் அவள் டப்பா மாற்றிப் போட்டதில்லை.

முதல் நாளே தொடை எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தளிக்காரி அல்லவா, அவள் ஊர்க் கன்னடத்தில் இது தொடெ மூளெ என்றாள். தொடையில மூளையா, என் மாமனார் வீட்டுல வேணா அப்படி இருக்கும் என்றேன். எங்கப்பன் வீட்டுல தொடையிலயாவது இருக்குது, உங்களுக்கு அங்கயும் காணோமே ரீ என்று கார்டாலேயே என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றிலிருந்து நம் வீட்டில் எலும்புக்கு அம்மா மூளெ, மூளைக்கு அப்பா மூளை என்று பேர் விழுந்துவிட்டது. இப்போது அந்தக் கார்டுகளில் நீ ஜெர்மன் பேரும் சேர்த்து எழுதியிருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன், எலும்புக்கு க்னோஹென், மூளைக்கு கெஹிர்ன், ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. அந்த நாட்டில் பிறந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் அன்றைக்கு அம்மாவின் கேன்சர் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா ஏனந்த்ரு, என்ன சொன்னார் என்று கேட்டாள். மூளெ என்றேன். அவள் என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அத சிவப்பு டப்பாவுல போடுங்க என்றாள். பஸ்ஸில் வரும் வழியில் அத்திப்பள்ளியில் இறங்கி எனக்குத்தான் வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்தாள். சாயந்திரம் நீ போன் செய்தாய். பரவிடுச்சாம் கண்ணு, மூளென்றாங்க என்றேன். நீ பதறிப்போய், எந்த மூளைப்பா, அம்மா மூளெயா அப்பா மூளையா என்றாய். அம்மா மூளெதான் என்றேன். நீ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எலும்புன்னா டைம் இருக்குது அப்பா, மாத்திரை இருக்குது, ஒன்பது நாள்ல பரீட்சை முடிஞ்சிடும், பத்தாவது நாள் வந்துடறேன் என்றாய். ஆறாவது நாள் அவள் போய்விட்டாள். நீ வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நீ பரீட்சையும் எழுதவில்லை, அம்மாவை உயிரோடு பார்க்கவும் இல்லை.

காரியம் முடிந்த அன்று நீ ஆஸ்பத்திரி பைலைப் பிரித்து ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வாய் திறப்பதற்குள் உன் ஜோதி அத்தை முந்திக்கொண்டாள். கன்னடக்காரி கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி இவன் காது கெட்டுப்போச்சு, டாக்டர் மூளைன்னா இவன் எலும்புன்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கான் கூறுகெட்டவன் என்றாள். அந்த எழவு வீட்டிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீதான் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா மேல தப்பில்ல அத்தை, படிச்சவ நான், நான்தான் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கியிருக்கணும் என்று அழுதாய். அந்தக் கையை நான் உருவிக்கொள்ளவில்லை.

கார்டு முன்னூற்றுப் பன்னிரண்டையும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். கல்லீரலில் பிரகாஷின் டீக் கறை பட்டிருக்கிறது, மன்னித்துக்கொள். ஜனவரியில் மறுபடி எழுதலாம் என்று உங்கள் மேடம் சொன்னதாகச் சொன்னாயே, யூனிபாரத்தைத் திருப்பிக் கொடுக்காதே. கேட்க ஆள் இல்லையென்றால் சாயந்திரம் வீடியோவில் கூப்பிடு, நான் தூக்கிக் காட்டுகிறேன், இருபது இருபதாகப் பேப்பரில் வரைந்து வைத்திருக்கிறேன், என் சிறுநீரகம் கத்தரிக்காய் மாதிரி இருக்கும், அனுசரித்துக்கொள். அம்மாவின் பச்சை ஸ்வெட்டரை நான்தான் துவைக்காமல் வைத்திருந்தேன், அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன், நீயும் துவைக்காதே. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நீ எடுத்த காரியம் உன் கையில் நிற்கும், உன் அம்மா எந்தத் திசையில் இருந்தாலும் உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரா. ராஜசேகர்.

கையெழுத்துப் போட்டு மடித்து ஒட்டியதை மறுபடி பிரித்து எழுதுகிறேன். அன்றைக்கு அத்தைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும், போனில் சொல்ல வந்தேன், நீ கையைப் பிடித்தபோதும் சொல்லவில்லை. நீ எதையும் தவறவிடவில்லை கண்ணு, உன் படிப்பிலும் தப்பில்லை, உன்னிடம் வந்த சேதிதான் தப்பு. ஒன்பது நாள் அவள் தாங்குவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன், உன் பரீட்சை கெடக்கூடாது என்று நினைத்தேன். இனி நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, படிப்பை விடாதே. என் காதுக்கு ஒரு கோளாறும் இல்லை. அந்த டாக்டர் வேலூர்க்காரர், தமிழில்தான் பேசினார். சொல்லும்போது தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.