கல் என்றுதானே சொன்னாய்

எம். புதுப்பட்டி
12.10.2008

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இருக்கன்குடித் தாய் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். தீபாவளி சீசன், பட்டாசுக் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை, உன் தம்பி முனியராஜ் ராப்பகலாக லோடு ஏற்றுகிறான். உன்னோடு ஆராய்ச்சி செய்கிற விருதுநகர்ப் பையன் மணிகண்டராஜ் லீவுக்கு வந்தவன் நேற்று நம் வீட்டுக்கும் வந்தான். காப்பி குடித்துக்கொண்டே, "ஆர்சனிக்க கண்ணாடிக் குழாய்ல அடைச்சு அடுப்புல ஏத்துறது இசைவாணிதாம்மா, போன மாசம் குழாய் வெடிச்சப்பகூட அசரலையே" என்று பெருமையாகச் சொன்னான். அது என்னப்பா என்று கேட்டேன். பாஷாணம் என்றான்.

ஏண்டி, உன்னிடம் நான் என்ன பெரிதாகக் கேட்டேன்? பட்டாசு மருந்து கலக்கும்போது வெடித்து இரண்டு விரல் போன உன் அப்பாவின் கையைப் பிடித்துத்தானே, இந்த ஜென்மத்தில் மருந்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய்? கெமிஸ்ட்ரியில் கிடைத்த சீட்டைக்கூட, அங்கே மருந்து இருக்கும் என்று வேண்டாமென்று சொல்லி பிசிக்ஸில் சேர்த்தோம். போனில் கேட்டால் கல் என்றாய். கல்லுக்குள் இரண்டு ஒழுங்கு மல்லுக்கட்டுகிறது, அணுவெல்லாம் குட்டிக் காந்தமாக மேலும் கீழும் பார்த்து வரிசையாக நிற்பது ஒன்று, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுவது இன்னொன்று, ஒன்று ஓங்கினால் மற்றது ஒடுங்கும், சேர்மானத்தைக் கொஞ்சம் மாற்றினால் இரண்டும் ஒரே கல்லில் இழுபறியாகக் கிடக்கும் என்றாய். தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அந்தச் சேர்மானம் என்னவென்று மட்டும் சொல்லாமல் விட்டாயே, பெற்றவளை இப்படியா ஏமாற்றுவது? ஆடிக் கடைசி வெள்ளிக்கு வந்தபோது தம்பி குழந்தையைத் தூக்குமுன் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். வெளிநாட்டுச் சுத்தம் என்று கேலி செய்தேன். மருந்து ரூமிலிருந்து வந்து உன்னைத் தூக்குமுன் நான் கழுவிய கழுவல்தான் அது என்று இப்போதல்லவா புரிகிறது.

அப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். "எம்புள்ள அசரலையாக்கும்" என்று ஒரு நிமிடம் முகம் மலர்ந்தவர், அப்புறம் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அதை அவர் மறைத்ததில்லை. பெருமையும் ஆத்திரமும் எனக்குள்ளும்தான் மல்லுக்கட்டுகின்றன, ஆனால் இன்றைக்கு ஆத்திரம்தான், மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

நூல் துணியே உடுத்து, நைலான் வேண்டாம். நீ அடுப்பு ஏற்றுகிற அந்த ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பா எழுதச் சொன்னார். தீபாவளிக்குப் போன் செய்தால் முதலில் அவரிடம் பேசு, கல் கதை வேண்டாம், உள்ளதைச் சொல். பத்து விரலும் முழுசாக நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா
வீரலட்சுமி