எழுத்து வெட்டிய மேப்பிள்

அன்பு மகள் தபிதாவுக்கு,

பேத்திக்குப் பல் முளைத்ததைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நிலம் அளப்பவர் வருகிறார். எல்லை மரத்தில் அப்பாவின் எழுத்தைக் காட்டாவிட்டால் நிலம் நமக்கில்லை. சண்டை முடிந்து கென்டக்கிக்கு வந்த அன்றே அவர் கோடரியால் வெட்டிய எழுத்து அது.

"என் மேப்பிள் மரம் நிக்குதுடி, வந்து பாக்கட்டும்" என்கிறார் அப்பா. குண்டடிபட்ட காலோடு அவரால் அந்த மேட்டில் ஏறி மரத்தைப் பார்க்க முடியாது. போன குளிரில் அவர் காய்ச்சலாய்க் கிடந்தபோது அந்த மரத்தை வெட்டச் சொன்னது நான்தான். அதைக் குடைந்துதான் உனக்குத் தொட்டில் அனுப்பினேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தொட்டிலின் வெளிப்பட்டையைத் தடவிப் பார். எழுத்து இருக்கும். அடிமரம் இங்கே இருக்கிறது, பொருத்திக் காட்டிவிடலாம். தொட்டிலை உடனே கொடுத்தனுப்பு.

அது திரும்பி வரும்வரை பேத்தி இதோடு அனுப்பும் என் கம்பளியில் தூங்கட்டும். எனக்குத்தான் தூக்கம் வராது.

உன் அம்மா