உன்னைக் கிழவி என்று கூப்பிட்டவர்கள்

அக்கா,

இன்று மத்தியானம் தபாலில் உன் பெயருக்கு உங்கள் நாடகத் துறையின் செய்தி மடல் வந்தது. அதே இளஞ்சிவப்புத் தாள், நாலு பக்கம். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது. போன தடவை இது வந்தபோது நீ முகத்தில் வைத்து மூச்சை இழுத்து, "இதுதான்டி எனக்கு மல்லிப்பூ" என்றாய். நானும் அப்படி வைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அம்மா காதில் விழக்கூடாது என்று மொட்டை மாடிக்கு ஓடினேன்.

இப்போது சமையலறையில் ஜீரோ வாட்ஸ் பல்பின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. அவர் இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

உங்கள் ஆட்கள் எல்லாரும் மடலில் இருக்கிறார்கள். பழைய மாணவர் ஒருவருக்கு வானொலியில் வேலை கிடைத்திருக்கிறது. உன் சீனியர் ஒருத்திக்குக் கல்யாணம், மாப்பிள்ளையும் துறையில் மேடை விளக்கு போட்டவர்தானாம். மேடைக்குப் புது விளக்குகள் வாங்கியதற்குக்கூட ஒரு பத்தி. உன்னோடு படித்த செல்வம் அண்ணன் டெல்லியில் நாடகப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நீ. மதுரையில் நடந்த நாடக விழாவில் சிறந்த நடிகை நீதான். கீழே ஒரு கறுப்புக் கோடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் நினைவாக அந்த நாடகத்தை இங்கே போடுகிறார்களாம், பரிசை வீட்டாரிடம் கொடுப்பார்களாம்.

வீட்டாருக்கு இன்று சாயந்திரம் வரை நீ நடித்ததே தெரியாது. நாடக இலக்கியம் படிக்கிறேன் என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தாய். "எம்.ஏ. முடிச்சா காலேஜ்ல வேலை கிடைக்கும்ல?" என்று அவர் கேட்டார். நீ தலையை ஆட்டினாய். மதுரைக்குப் போனதைக் கல்விச் சுற்றுலா என்றாய். எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் அடிபம்பு. லாரித் தண்ணீர் வராத நாட்களில் விடியற்காலையில் நாம் இரண்டு பேரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பம்புக்குப் போவோம். நான் அடிப்பேன், நீ குடத்தைப் பிடித்துக்கொண்டு வசனம் சொல்வாய். பம்பு போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நாடகத்தில் அடையாற்றங்கரைக் குடிசையைக் காலி செய்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப் பார்க்கிறார்கள், லாரியில் ஏறமாட்டேன் என்று அடம் பிடிக்கிற கிழவி நீ. மகன், போலீஸ்காரர், லாரி டிரைவர் எல்லாம் நான்.

"ஏறு ஆயா, டைம் ஆவுது" என்று டிரைவராக நான் கத்துவேன்.

"இன்னா நைனா அவசரம்? ஆறு எங்க கூட வருதா? வராது இல்ல? அப்ப நான் மட்டும் இன்னாத்துக்கு?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீ திரும்புவாய். அந்தத் திரும்பலைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிடும். "அடிடி, அடி, யாராச்சும் வந்துரப் போறாங்க" என்று உன் சொந்தக் குரலில் அதட்டுவாய்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஆபீஸ் போனபிறகு என்னை ஒத்திகைக்குக் கூட்டிப்போனாய். லஸ் முனையில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாய்: "அங்க யாரும் என் பேரைச் சொல்ல மாட்டாங்க. நீயும் சொல்லாத." நாடகத்தைக் கையில் எடுத்தால் கடைசி முறை மேடையேறி முடிகிறவரை எல்லாரும் எல்லாரையும் பாத்திரத்தின் பெயரில்தான் கூப்பிட வேண்டும், கேன்டீனிலும்கூட. தவறிச் சொந்தப் பெயரைச் சொன்னவர் அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். எதற்கு இப்படி என்று கேட்டேன். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்பி வந்துருவேன்டி. கிழவி ஓடிப்போயிருவா" என்றாய்.

அன்று கேன்டீனில் செல்வம் அண்ணன், உன் மகனாக நடித்தவர், தட்டை நீட்டி, "கிழவி, பஜ்ஜி துன்றியா? பல்லு கீதா?" என்றார். "உன் கையைக் கடிச்சிப் பாக்கட்டா மவனே?" என்றாய் நீ. மேசையே சிரித்தது. என்னைக் குட்டிக் கிழவி என்றார்கள். வீட்டில் நீ இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் உன் கண் மஞ்சளாயிற்று. மதுரையில் வெளித் தண்ணீர் குடித்ததுதான் என்று அம்மா சொன்னாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரமாகிவிட்டது. உங்கள் நாடகத்தைக் கடைசியாகச் சென்னையில் போடவேண்டியிருந்தது, அது மேடையேறாமலே நின்றது. அதனால் உங்கள் ஆட்களுக்கு நீ இன்னும் கிழவிதான்.

காரியத்தன்று அவர்கள் வந்தார்கள். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டுக் கீழே விளக்கு வைத்திருந்தோம். செல்வம் அண்ணன் படத்தைப் பார்த்த வேகத்தில் அப்படியே தரையில் விழுந்தார்.

"கிழவி... இன்னா கிழவி இப்படிப் பண்ணிட்ட? மவன வுட்டுட்டு எங்க போய்க்கினு கீற?"

அப்பா எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். "யாரைடா கிழவின்ற? எம் பொண்ணுக்கு இருபத்தோரு வயசுடா! இருபத்தொண்ணு!"

அவருக்கு அப்போதும் வேறு பேர் வாயில் வரவில்லை. "இல்ல சார், கிழவி வந்து எங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஆதம்பாக்கம் சித்தப்பா அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். "துக்க வீட்டுல வந்து கேலி பண்ணுதுங்க. இந்தப் பையன சும்மா வுடக் கூடாதுண்ணே" என்றார்.

அப்பா விடவில்லை. நாளைக் காலையில் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். சித்தப்பா ஸ்கூட்டரில் வருவார், இரண்டு பேரும் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்தப் பையனைப் படிப்பிலிருந்தே நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. மொட்டை மாடியில் மடலைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நாளைக்குப் புகார் போனால் டெல்லி என்ன ஆகும்? கிழவி என்றால் என்ன என்று அவருக்காகச் சொல்ல இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? சொன்னால் பம்படி, ஒத்திகை, பஜ்ஜி எல்லாம் வெளியே வரும். உன்னைத் திட்ட முடியாத அப்பா என்னைத்தான் திட்டுவார். படிப்பை நிறுத்திவிட்டால்?

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் மடலைக் கொண்டுபோய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்பா, செல்வம் அண்ணன் கேலி பண்ணல."

"எந்தச் செல்வம்?"

"அன்னிக்கு அழுதாரே."

"அண்ணனா? உனக்கு எப்படி அவன் அண்ணன்?"

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஆனாலும் சொன்னேன், அக்கா. நீ நடித்ததை, உன் வேஷத்தை, அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற வழக்கத்தை, டீ வாங்கித் தருகிறதைக்கூட. அப்பா நிறுத்தச் சொல்லவில்லை. கையைக் கழுவினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், மடலின் கடைசிப் பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். ஒரு பத்திதான். ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் பக்கத்தைத் திருப்பிச் செல்வம் அண்ணன் பெயரையும் பார்த்தார்.

"போவட்டும் அவன். டெல்லிக்குப் போவட்டும்" என்றார். அம்மாவைப் பார்த்து, "தம்பிய நாளைக்கு வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிடு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார், சாதம் ஆறிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடி:

"உன்கிட்ட சொன்னாளே. என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டே வெகுநாளாகிவிட்டது. பதில் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எங்களுக்கு உங்களைக் கண்டால் பயம் அப்பா. அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். அதைச் சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்று தோன்றியது. தெரியாது என்றேன்.

அவர் நம்பவில்லை. அதனால்தான் இன்னும் தூங்காமல் கிடக்கிறார். கூப்பிட்டு மறுபடி கேட்பாரோ என்று இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பரிசு வாங்க யார் போவது என்று யாரும் பேசவில்லை. நீ இருந்திருந்தால் இந்தப் பதிலில் பாதியை நீ சொல்லியிருப்பாய். இப்போது முழுவதும் என்னிடம் இருக்கிறது, அக்கா. அவர் இருக்கிறவரை நான் அதைச் சொல்லப்போவதில்லை.