ஆறு ஒன்றுகள்

கார்த்திகை, வியாழன் இரவு.

இன்று அக்காவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்து வந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரத்தநாட்டில் கணக்கு டீச்சர் அவள். இனி எண்கள் நினைவிருக்குமா என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

நடவு வயல்களைத் தாண்டும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "மீட்டரைப் பாருங்கம்மா, அத்தனையும் ஒண்ணு!" என்றார் என்னிடம். 1,11,111 கிலோமீட்டர்.

பின்சீட்டில் என் பக்கத்திலிருந்த அக்கா திக்கித் திக்கி, "மூணு... ஏழு... பதினொண்ணு..." என்றாள். பிதற்றுகிறாள் என்று பயந்து அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "பதிமூணு... முப்பத்தேழு."

"கணக்குல்ல போடுறாங்க!" என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, செல்போனில் ஐந்தையும் பெருக்கினார். "அதே நம்பர்தாங்க வருது!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் பேரைச் சொல்லுக்கா" என்றேன். வெகுநேரம் யோசித்தாள். வரவில்லை.

இப்போது தூங்குகிறாள். நான் இன்னொரு ஒன்றைச் சேர்த்து, 11,11,111ஐ அதே ஐந்து எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்று மீதி நிற்கிறது. அப்படியானால் இது எதில்தான் வகுபடும்? விடிந்ததும் அக்காவிடம் கேட்க வேண்டும். என் பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.